திரும்பும் வழியையும் மிதியுங்கள்

கொழும்பிலும் நீர்கொழும்பிலும் குருநாகலிலும் யாழ்ப்பாணத்திலும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கூட்டமாகச் சைக்கிள் மிதிக்கும் நண்பர்களுக்கு,

புத்தளத்திலிருந்து எழுதுகிறேன்.

கற்பிட்டி வீதி உங்களுக்குப் பிடித்துவிட்டது என்று எங்களுக்குத் தெரியும். மார்கழி, தை மாதங்களில் பாலாவிச் சந்தியில் உங்களைப் பார்க்கிறோம். சில்லுக்குக் காற்றடித்து, போத்தலில் தண்ணீர் நிரப்பி, படம் எடுத்துப் புறப்படுகிறீர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் வைகாசி நடுவில் சோளகம் தொடங்கினால் உங்களைக் காணக் கிடைப்பதில்லை. வரும் ஒன்றிரண்டு குழுக்களும் கற்பிட்டி வரை காற்றின் தள்ளலில் போய், கோட்டைக்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு, சைக்கிள்களை வானில் ஏற்றித் திரும்பிவிடுகின்றன. ஏன் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "காத்து."

அந்தக் காற்றுக்காகவே வாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். வானை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். போகும் வழியைப் போலவே திரும்பும் வழியையும் மிதியுங்கள்.

வீதி எப்படிக் கிடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாலாவியிலிருந்து கற்பிட்டி ஏறத்தாழ 40 கிலோமீற்றர். முதற் பகுதி களப்பின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு மேற்கே நுரைச்சோலைக்குப் போகிறது. அங்கிருந்து வடக்கே திரும்பி, வலக்கைப் பக்கம் புத்தளம் களப்பும் இடக்கைப் பக்கம் பெருங்கடலுமாகத் தீபகற்பத்தின் நெடுக ஓடுகிறது. சொல்லும்படியான ஏற்றம் ஒன்றுகூட இல்லை. நுவரெலியா ஏறிப் பழகியவர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு இதில் என்ன பாடு இருக்கப்போகிறது என்று நினைக்கலாம். சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுகிறது என்பதை அந்த வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். போகும்போது நுரைச்சோலை வரை இடத்தோளில் அடிக்கும், பிறகு முதுகில் கைவைத்துத் தள்ளும். திரும்பும்போது கற்பிட்டியிலிருந்து நுரைச்சோலை வரை இருபது கிலோமீற்றருக்கு மேல் முகத்திலேயே அடிக்கும். நுரைச்சோலையில் கிழக்கே திரும்பினால்தான் விடுதலை. அந்த இருபது கிலோமீற்றரைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

கொழும்பை நனைக்கும் அதே காற்றுத்தான் இது. எங்கள் பக்கம் வரும்போது மழை இருக்காது, வெறும் காற்றாக வரும். விடியற்காலையில் மெதுவாக இருக்கும். ஒன்பது, பத்து மணிக்கு மணல் சுட்டதும் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். பருவத்தின் உச்சத்தில் பிற்பகல்களில் 20 நொட் என்பது இங்கே சாதாரணம், அதாவது மணிக்கு 37 கிலோமீற்றர். இதற்காகவே ஐரோப்பாவிலிருந்து பட்டச் சறுக்கல் பலகைகளைக் கட்டிக்கொண்டு கப்பலடிக்கும் வெள்ளைத்தீவுக்கும் வருகிறார்கள். அவர்கள் பணம் கொடுத்துத் தேடி வரும் காற்றைக் கண்டு நாம் வானுக்குள் ஏறிக்கொள்கிறோம்.

இந்த மாதங்களில் இந்தக் கரையில் எல்லாமே காற்றின் சொற்படிதான் நடக்கிறது. கண்டக்குழிப் பக்கம் பெருங்கடலை நம்பியிருக்கும் படகுகள் பல மணலில் ஏறிக் கிடக்கும். சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்களில் பலர் படகையும் வலையையும் கொண்டு கிழக்குக் கரைக்குப் போய் வாடி போட்டிருப்பார்கள். களப்புப் பக்கம் மட்டும் சிறு வலைத் தொழில் ஓடும். நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல்மின் நிலையம் இருக்கிறது. 2011இல் அதன் முதல் இயந்திரம் இயங்கத் தொடங்கியது. கப்பலில் வரும் நிலக்கரியை நடுக்கடலில் பாதைப் படகுகளுக்கு மாற்றித்தான் அதற்குக் கொண்டுவர வேண்டும். சோளகக் கடலில் அது முடியாது. ஆகவே இந்த மாதங்களுக்கான கரி முன்கூட்டியே வந்து முற்றத்தில் குவிந்திருக்க வேண்டும். அதே நாட்களில், அதே கரையில், மாம்புரியில் 2010 முதல் நிற்கும் காற்றாலைகளும் பிறகு வந்தவையும் சளைக்காமல் சுற்றுகின்றன. நாட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வரலாம் என்ற பெரிய விவாதத்தின் இரண்டு பக்கங்களையும் சைக்கிளில் இருந்தபடியே ஒரே பார்வையில் பார்க்க இலங்கையில் வேறு வீதி இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காற்றாலைகள் உங்களுக்கு வழிகாட்டியும் ஆகும். அவை எப்போதும் முகத்தைக் காற்றுக்குக் காட்டியே நிற்கும். போகும்போது தூரத்துக் காற்றாலையின் முகம் தெரிந்தால் காற்று உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. திரும்பும்போது முதுகுதான் தெரியும். முதுகு நேராகத் தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். வீதியோரக் கழுதைகளும் அதே சேதியைச் சொல்லும், தலைகீழாக: காற்று பலக்கும்போது பின்புறத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். கழுதைகளைக் கண்டால் மெதுவாகப் போங்கள். அவை வீதியைக் கடக்க நினைத்தால் யாரையும் கேட்பதில்லை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் மிதிப்பவருக்கு எதிரே மணிக்கு 20 கிலோமீற்றர் காற்று வந்தால் அவர் உடலில் படுவது 40 கிலோமீற்றர் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே அதே வேகத்தை வைத்திருக்கக் காற்றோடு மட்டும் நான்கு மடங்கு மல்லுக்கட்ட வேண்டும். மலையில் ஏறினால் உச்சி என்று ஒன்று வரும், இறக்கம் வரும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. ஆனால் மலையில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது. மலையில் ஒருவருடைய பாரத்தை இன்னொருவர் சுமக்க முடியாது. காற்றில் முடியும். முன்னால் போகிறவரின் பின்சில்லை ஒட்டிப் போனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். அதனால்தான் இது தனியாகப் போகும் வீதியல்ல என்கிறேன்.

ஓர் ஆடி மாதம் நாங்கள் திரும்பி வந்ததைச் சொன்னால் விளங்கும். உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர், பாடசாலை ஆசிரியர் ஒருவர், உடப்பிலிருந்து ஓர் அண்ணன், அவர் கூட்டி வந்த பல்கலைக்கழகத் தம்பி, நான். குறிஞ்சிப்பிட்டி வரை தென்னந்தோப்புகள் காற்றை ஓரளவு மறைத்தன. ஏத்தாளையைத் தாண்டி வெங்காயத் தோட்டங்கள் திறந்து கிடக்கும் இடத்துக்கு வந்ததும் யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி வந்து மோதியது. தோட்டத்தில் தண்ணீர் தெளிக்கும் குழாய் சுழல்கிறது, அந்தத் தண்ணீர் பயிரில் விழாமல் வீதியைக் குறுக்கே கடந்து எங்கள் வலக்கன்னத்தில் விழுகிறது. பல்லுக்குள் மணல். கிடுகு வேலி ஒன்று கட்டு அறுந்து படபடவென்று அடிக்கும் சத்தம் அதைக் கடந்து வெகுநேரம் பின்னாலேயே வந்தது. வேகமானியில் 14.

உடப்பு அண்ணன் முன்னால் இருந்தார். கரைவலை இழுத்து வளர்ந்தவர். மூச்சு வாங்கும் நேரத்தில், வலை இழுக்கும்போது பாடும் அம்பாவைப் பாடத் தொடங்கினார். எதிர்க்காற்றில் ஒரு விசேஷம் உண்டு. முன்னால் இருப்பவரின் குரல் பின்னால் இருப்பவருக்குத் தெளிவாக வரும், பின்னால் இருப்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் முன்னால் கேட்காது. அண்ணனின் பாட்டு எங்கள் நால்வருக்கும் வந்தது, அந்தத் தாளத்துக்கே கால்கள் விழுந்தன. கடைசியில் இருந்த தம்பியின் சில்லு முதலில் ஒரு முழம் பிந்தியது, பிறகு ஒரு வண்டி நீளம். அவன் கூப்பிட்டிருக்கிறான். யாருக்கும் கேட்கவில்லை. எதிர்க்காற்றில் பத்து மீற்றர் பிந்தியவர் தன் பலத்தால் திரும்பி வந்து ஒட்டவே முடியாது. மறைப்பை இழந்த அந்த நிமிடமே அவருக்குப் பாரம் கூடிவிடுகிறது, களைத்தவருக்குத்தான் அதிகக் காற்று.

ஆசிரியர் திரும்பிப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருப்பவர். பார்த்தார், கையை உயர்த்தினார். எல்லோரும் வேகத்தைக் குறைத்தோம். உப்பளத்து நண்பர் ஒன்றும் பேசாமல் பின்னால் போய், தம்பிக்கு முன்னால் தன் அகன்ற முதுகை வைத்து, மெல்ல மெல்லக் கூட்டி வந்து சேர்த்தார்.

"நீங்க போங்க சேர். நான் மெதுவா வாறன்."

"ஆரும் போறேல்ல. விடிய என்ன சாப்பிட்ட?"

"பிளேன்டீ."

ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார். தம்பியை நடுவில் வைத்து, பலசாலிகள் முன்னும் பின்னுமாக நின்று, 12 கிலோமீற்றர் வேகத்தில் நுரைச்சோலை வரை வந்தோம். கிழக்கே திரும்பியதும் காற்று வலத்தோளுக்குப் பின்னால் போய்விட்டது. ஒரு மிதியும் கூட்டாமல் வேகமானி 28 காட்டியது. தம்பி முன்னுக்குப் போய் எங்களையெல்லாம் இழுத்துக்கொண்டு பாலாவி வரை வந்தான்.

இதைச் சொல்வது வேகம் பற்றிய உங்கள் பழக்கத்தைப் பற்றிப் பேசத்தான். உங்கள் குழுக்களில் சில, முடிந்தவர் முந்தட்டும், சந்தியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடுவதைக் கண்டிருக்கிறேன். அமைதியான காலையில் அதில் பெரிய தீங்கில்லை. சோளகத்தில் அது ஒரு மனிதரை நடுவீதியில் தனியே விட்டுவிட்டு வருவதாகும். வெயிலும் உப்புக்காற்றும் வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் தாகம்கூடத் தெரியாது, திடீரென்று தலை சுற்றும். ஆகவே எங்கள் வீதிக்கு வருகிறவர்களிடம் ஒன்றை உரிமையோடு கேட்கிறேன்: உங்களில் மிகப் பலமானவரைக் கடைசியில் வையுங்கள். முன்னால் இருப்பவர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். குழுவின் வேகம் மிக மெல்ல மிதிப்பவரின் வேகமாக இருக்கட்டும்.

லொறிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தீபகற்பத்தின் மரக்கறியும் மீனும் கருவாடும் இந்த ஒரே வீதியால்தான் வெளியே போகின்றன. காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது நாம் அறியாமலே சைக்கிளைக் காற்றின் பக்கம் சாய்த்துத்தான் ஓட்டுகிறோம். திரும்பும் வழியில் காற்று வலப்பக்கம், லொறியும் நம்மை வலப்பக்கத்தால்தான் முந்தும். அது நம்மை மறைக்கும் அந்த ஒரு கணத்தில் காற்று நின்றுபோகும், சாய்ந்திருக்கும் சைக்கிள் லொறியை நோக்கி இழுபடும். லொறி கடந்ததும் காற்று மறுபடி அறைந்து வீதியோர மணலுக்குத் தள்ளும். பின்னால் லொறிச் சத்தம் கேட்டவுடன் ஹாண்டிலை இறுக்காமல் உறுதியாகப் பிடித்து, உடம்பைத் தாழ்த்தி, இடப்பக்கம் சற்று இடம் விட்டு ஓட்டுங்கள். ஓரத்தை ஒட்டி ஓட்டாதீர்கள், மணல் சில்லை விழுங்கிவிடும். பந்தயக்காரர்களின் ஆழமான கார்பன் ரிம்கள் இந்தப் பருவத்துக்கு உதவாது. அவை பாய் மாதிரி காற்றைப் பிடிக்கும், சாதாரண ரிம் போட்டு வாருங்கள்.

மறைப்பு எந்தப் பக்கம் கிடைக்கும் என்பதும் முக்கியம். திரும்பும்போது காற்று வலமுன்னாலிருந்து வருவதால் முன்னவருக்குச் சற்றே இடப்பின்னால் நின்றால் காற்று படாது. அது வீதியோரப் பக்கம், பாதுகாப்பானது. போகும்போது நுரைச்சோலை வரை காற்று இடப்பக்கம். அங்கே மறைப்பைத் தேடினால் நடுவீதிக்கு இழுபடுவீர்கள். அந்தப் பகுதியில் ஒற்றை வரிசையை விட்டு யாரும் விலகக் கூடாது.

கற்பிட்டியில் நீங்கள் எல்லோரும் படம் எடுக்கும் கோட்டையை ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்தார்கள். அந்த ஒல்லாந்தரின் நாட்டில் இன்று எதிர்க்காற்றுச் சைக்கிள் போட்டி என்று ஒன்றே நடக்கிறது. 2013இல் தொடங்கினார்கள். கடலைத் தடுக்கும் பெரிய அணை ஒன்றின்மேல் எட்டரைக் கிலோமீற்றர், கியர் இல்லாத சாதாரண வீட்டுச் சைக்கிள்களில், கடுங்காற்றுக்கு எதிராக மிதிக்க வேண்டும். வானிலை அறிக்கை பலத்த காற்று வரும் என்று சொன்ன பிறகே நாளைக் குறிப்பார்கள், நுழைவுக்கு ஆட்கள் முண்டியடிப்பார்கள். தட்டையான நாட்டில் பிறந்தவர்கள் தங்கள் மலை எது என்று தெரிந்துவைத்திருக்கிறார்கள். எங்களுக்கும் மலை இல்லை, சோளகம் இருக்கிறது. காற்றை மதிக்க வேண்டும் என்பதற்கும் அந்தப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2015 மார்ச்சில் பெல்ஜியத்தின் கென்ட்–வெவெல்கெம் பந்தயத்தில் கெரெயின்ட் தோமஸைக் காற்று வீதியிலிருந்து தூக்கி ஓரத்தில் எறிந்தது. எழுந்து ஓடி மூன்றாவதாக முடித்தார். அன்று பந்தயத்தை முடித்தவர்கள் 39 பேர்தான். மூன்று ஆண்டுகளுக்குப் பின் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை வென்றவருக்கே அந்தக் கதி.

கோட்டையோடு நின்றுவிடாமல் ஊருக்குள்ளும் கொஞ்சம் மிதியுங்கள். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து 1859இல் தமிழ் புளூட்டாக் என்ற ஆங்கில நூலாக வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807இல் இந்தக் கற்பிட்டியில்தான் பிறந்தார். கற்பிட்டி என்றால் ஓங்கில்கள் என்று மட்டும் அறிந்திருக்கும் தமிழ் வாசகர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இன்னொன்று, இதுதான் என் மனதுக்கு மிக நெருக்கமானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஏறத்தாழ 75,000 பேர் வீடிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்த மாவட்டம் இது. மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். பாலாவியிலிருந்து நீங்கள் மிதிக்கும் வீதியின் இருபுறமும் கிடுகுக் கொட்டில்களாகத் தொடங்கிய முகாம்கள் இன்று ஊர்களாக நிற்கின்றன. இருந்த ஊர்க்காரர்கள் தங்கள் நிலத்தையும் கிணற்றையும் பாடசாலையையும் அவர்களோடு பகிர்ந்தார்கள். அதில் உரசல்களும் இருந்தன, ஒன்றுக்குள் ஒன்றான உறவுகளும் வந்தன. முப்பது கிலோமீற்றர் வேகத்தில் காற்றோடு பறக்கும்போது இந்த ஊர்கள் பச்சையும் மணலுமாக ஓடிப் போய்விடும். எதிர்க்காற்றில் வரும்போது ஒவ்வொரு மதிலும் ஒவ்வொரு பெயர்ப்பலகையும் நிதானமாகக் கடக்கும். தேத்தண்ணிக் கடையில் இறங்கத்தான் வேண்டியிருக்கும். இறங்குங்கள். வாங்கில் உட்காருங்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் மன்னாரின் எருக்கலம்பிட்டியில் பிறந்தவராக இருக்கலாம், யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் பிறந்தவராக இருக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் குழுக்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவர் விசாரிக்கும் தெருக்களுக்குப் பதில் சொல்ல நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் நாளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கவனம் வேண்டும். தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தின் ஓகஸ்ட் பெருவிழாக் காலத்தில் பல லட்சம் யாத்திரிகர்கள் இதே வீதியால் வருவார்கள். அந்த நாட்களை விட்டுவிடுங்கள், வீதி அவர்களுடையது. ஆனியும் ஆடியின் முதற் பாதியும் நல்ல காலம். காலை ஐந்தரைக்குப் பாலாவியில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் கற்பிட்டிக்குப் போய்விடலாம். முதல்முறை வருகிறவர்கள் எட்டு மணிக்குள் திரும்பத் தொடங்குங்கள். காற்றை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று நெஞ்சுரத்தோடு வருகிறவர்கள் பத்து மணிக்குப் புறப்படலாம். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், வாழைப்பழம், கண்ணுக்குக் கண்ணாடி. வீட்டுக்குப் போனதும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்பு ஓர் இரவிலேயே வேலையைத் தொடங்கிவிடும்.

புத்தளத்திலும் உடப்பிலும் சிலாபத்திலும் சைக்கிள் மிதிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பழைய சைக்கிள்தான், ஆனால் இந்தக் காற்றை அவர்களைப் போல் அறிந்தவர் யாருமில்லை. வருமுன் அவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள், உங்களோடு சேர்ந்து மிதிப்பார்கள். கற்பிட்டியிலிருந்து திரும்பும்போது உங்கள் வரிசையின் முன்னால் ஒருவரும் கடைசியில் ஒருவருமாக வருவார்கள். வானை மட்டும் கொண்டுவராதீர்கள்.

அன்புடன்,
புத்தளத்திலிருந்து உங்கள் நண்பன்